‘என்னவோ பண்ணுது’ என்று வீட்டில் ஒருவர் சொல்லும்போது

என் சித்தி மார்கழி முழுக்க வாசலை அடைத்துக் கோலம் போடுகிறவர். இருபத்தொரு புள்ளி, ஓரத்தில் காவி, நடுவில் பூசணிப்பூ. தெருவில் போகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். ஒரு வருடம் அந்தக் கோலம் சிறுத்தது. முதலில் ஏழு புள்ளி ஆனது, அப்புறம் நாலு கோடு ஆனது, தை பிறப்பதற்குள் தண்ணீர் தெளிப்பதோடு நின்றுவிட்டது. “முட்டி வலிக்குது, குனிய முடியல” என்றார். நாங்களும் தைலம் வாங்கிக் கொடுத்தோம்.

அதே மாதங்களில் அவருக்கு நெஞ்சு பாரமாக இருந்தது. தலை கிறுகிறுத்தது. சோறு இறங்கவில்லை. ஒரு தனியார் மருத்துவமனையில் ஈ.சி.ஜி., எக்கோ, வயிற்றுக்கு ஸ்கேன், எண்டோஸ்கோப்பி என்று எட்டு மாதம் அலைந்தோம். எல்லாமே நார்மல். ‘கேஸ் பிராப்ளம்’ என்று மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். அந்த எட்டு மாதத்தில் ஒருவர்கூட அவரிடம் “ராத்திரி எப்படிம்மா தூங்கறீங்க?” என்று கேட்கவில்லை. கூடவே இருந்த நாங்களும் கேட்கவில்லை. கடைசியில் எங்கள் தெருமுனையில் கிளினிக் வைத்திருந்த வயதான டாக்டர் கேட்டார். தினமும் மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, விடிகிறவரை மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன், ஏன் விடிகிறது என்று இருக்கிறது என்று சித்தி சொன்னார். நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். அதுவரை எனக்கு அது தெரியாது.

சித்திக்கு வந்திருந்தது மனச்சோர்வு. அவர் ஒருநாளும் எங்கள் முன்னால் அழவில்லை. நாங்கள் கோட்டை விட்டதற்கு அதுவே முக்கியக் காரணம். மனச்சோர்வு என்றதும் மூலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழும் ஒருவரைத்தான் மனம் நினைத்துக்கொள்கிறது. நம் வீடுகளுக்குள் அது பெரும்பாலும் அந்த உருவத்தில் வருவதில்லை. உடம்பு வலியாக வருகிறது, எரிச்சலாக வருகிறது, ‘சோம்பேறித்தனம்’ என்று நாம் திட்டுகிற ஒன்றாக வருகிறது. அழுகையைத் தேடிக்கொண்டிருந்தால் இவை எதுவும் கண்ணில் படாது.

பெயரிலேயே ஒரு குழப்பம்

தமிழில் ‘மன அழுத்தம்’ என்ற சொல்லை இரண்டு வேறு விஷயங்களுக்கும் பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம். மாதக் கடைசியில் கணக்கு முடிக்கிற நெருக்கடியும் மன அழுத்தம், ஆறு மாதமாக எழுந்து குளிக்கக்கூடத் தெம்பில்லாமல் கிடப்பதும் மன அழுத்தம். முதலாவது, நெருக்கடி தீர்ந்தால் தீரும். நாலு நாள் லீவு போட்டு ஊருக்குப் போய் வந்தால் லேசாகும். இரண்டாவது அப்படிப் போகாது. லீவு போட்டு ஊருக்குப் போனாலும் அங்கேயும் அப்படியேதான் கிடப்பார்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால்தான் “யாருக்குத்தான் டென்ஷன் இல்ல?” என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். இந்தக் கட்டுரையில் நோயை மனச்சோர்வு என்றே சொல்கிறேன்.

மருத்துவர்கள் இதை ஒன்பது அறிகுறிகளை வைத்துப் பார்க்கிறார்கள். மனம் வாடியே இருப்பது, முன்பு பிடித்ததில் நாட்டம் போய்விடுவது, தூக்கம் மாறுவது, பசியும் எடையும் மாறுவது, ஓயாத அசதி, அசைவும் பேச்சும் மந்தமாகிவிடுவது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது, தன்னை உதவாக்கரை என்றோ குற்றவாளி என்றோ நினைப்பது, கவனம் நிற்காமல் சின்ன முடிவும் எடுக்க முடியாமல் திணறுவது, சாவைப் பற்றிய நினைப்பு. இவற்றில் குறைந்தது ஐந்து, பெரும்பாலான நாட்களில், இரண்டு வாரத்துக்குக் குறையாமல் இருந்து, அன்றாட வேலையையும் கெடுத்தால் அது நோய். அந்த ஐந்தில், பட்டியலில் முதலில் சொன்ன இரண்டில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்.

அந்த ‘இரண்டில் ஒன்று’ என்பதைக் கவனியுங்கள். மனவாட்டம் இருந்தே ஆக வேண்டும் என்று இல்லை. நாட்டம் போய்விட்டாலே போதும். அதாவது, ஒருவர் துளியும் சோகமாகத் தெரியாமலே மனச்சோர்வில் இருக்க முடியும். என் சித்தி அப்படித்தான் இருந்தார்.

உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தந்த கணக்குப்படி உலகில் சுமார் 28 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. பெங்களூரில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் தலைமையில் 2015-16-இல் நடந்த தேசிய மனநல ஆய்வு தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் வீடு வீடாகப் போய்க் கேட்டது. இந்தியாவில் இருபது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது மனச்சோர்வு வருகிறது என்றது அந்த ஆய்வு. ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் இரண்டு வரிசை உட்கார்ந்தால் அதற்குள் நாலைந்து பேர். மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான மனநோய்கள் உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை என்பதும் அதே ஆய்வு சொன்னதுதான். அவர்களில் பலர் டாக்டரிடமே போகாதவர்கள் இல்லை. என் சித்தியைப் போல வேறு வேறு டாக்டர்களிடம் வேறு வேறு வலிகளோடு போய்க்கொண்டிருந்தவர்களாகத்தான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

உடம்பு சொல்கிற சேதி

நம் ஊரில் மனசைப் பற்றி நேராகப் பேசுவது வழக்கமில்லை. “எனக்கு வாழ்க்கையில் ஈடுபாடு குறைந்துவிட்டது” என்று எந்த அத்தையும் சொல்ல மாட்டார். “கை கால் எல்லாம் அசதியா இருக்கு”, “நெஞ்ச அடைக்குது”, “தலை பாரமா இருக்கு”, “சோறு கண்டாலே வெறுப்பா இருக்கு”, “உடம்புக்கு முடியல”, “என்னமோ பண்ணுது” என்றுதான் சொல்வார். இது நடிப்பும் இல்லை, கற்பனையும் இல்லை. மனச்சோர்வில் உடம்பு உண்மையிலேயே வலிக்கிறது. தூக்கம், பசி, வலி உணர்வு, மனநிலை எல்லாவற்றையும் நடத்துகிற மூளைப் பகுதிகளும் ரசாயனங்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒன்று தடுமாறினால் மற்றதும் தடுமாறும்.

அதனால் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் நார்மல் என்று வந்த பிறகும் வலி போகவில்லை என்றால், ‘ஒண்ணுமில்ல’ என்ற முடிவுக்கு அவசரமாக வந்துவிடக் கூடாது. அதேபோல மறுபக்கமும் பார்க்க வேண்டும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், பி12 வைட்டமின் போதாமல் இருந்தாலும் அசதியும் மந்தமும் வரும். நல்ல டாக்டர் முதலில் இவற்றைச் சோதித்துப் பார்ப்பார். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும், மாரடைப்பு, பக்கவாதம் வந்து மீண்டவர்களுக்கும் மனச்சோர்வு கூடுதலாக வருகிறது. அப்பாவுக்கு பைபாஸ் ஆன பிறகு ‘ஆளே மாறிட்டார்’ என்றால், அது இதயத்தின் கதை மட்டும் இல்லாமல் போகலாம்.

தூக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் எளிதாகக் கண்டுபிடிக்கக்கூடியது அதுதான். கவலையில் இருக்கிறவர்களுக்குப் படுத்ததும் தூக்கம் வராது. மனச்சோர்வு கடுமையாக உள்ளவர்களில் பலருக்குப் படுத்ததும் தூக்கம் வந்துவிடும். விடிவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் விழிப்புத் தட்டிவிடும். அந்த நேரத்தில் மனம் கனத்துக் கிடக்கும். காலையில் மோசமாக இருந்து, மாலையாக ஆக ஆகக் கொஞ்சம் தெளிவார்கள். இந்த மாற்றமே வீட்டாரை ஏமாற்றிவிடுகிறது: “காலையில எழுந்திருக்க மாட்டேங்கறா, சாயங்காலம் மட்டும் நல்லாத்தான் இருக்கா. எல்லாம் நடிப்பு.” நடிப்பு இல்லை. நோயின் நேரக்கணக்கு அப்படி. சிலருக்கு நேர் எதிராக, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தூங்கியும் அலுப்புத் தீராது; பசி கூடும், எடை ஏறும். இளவயதினரிடம் இதை அதிகம் பார்க்கலாம்.

நின்றுபோனவற்றைப் பாருங்கள்

நெருங்கியவர்களிடம் என்ன புதிதாக வந்திருக்கிறது என்று தேடுவதைவிட, என்ன நின்றுபோயிருக்கிறது என்று பார்ப்பது நல்லது. கோலம் நின்றது. காலையில் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிற அப்பா, மடிப்புக் கலையாமல் டீப்பாயில் போட்டுவிடுகிறார். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துப் பூ வைக்கிற அம்மா தலை வாருவதையே விட்டுவிடுகிறார். கிரிக்கெட் என்றால் சோறு தண்ணீர் மறக்கிற தம்பி, மேட்ச் ஓடுகிற டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கிறான், ஆனால் யார் ஜெயித்தார்கள் என்று தெரியவில்லை. போன் செய்தால் அரை மணி நேரம் பேசுகிற தோழி “அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிடுகிறாள், அந்த அப்புறம் வருவதே இல்லை.

இதற்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. அந்த ஆளுக்கு அந்த ஆளேதான் அளவுகோல். இயல்பிலேயே பேச்சுக் குறைவான மாமா பேசாமல் இருப்பது ஒன்றுமில்லை. வாய் ஓயாத மாமா மூன்று வாரமாக ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னால் அது விஷயம். இதை அளக்க எந்த மருத்துவமனையிலும் கருவி இல்லை. கூட வாழ்கிறவர்களுக்குத்தான் அந்தப் பழைய கணக்குத் தெரியும்.

ஆனால் கூட வாழ்கிறவர்களே அதிகம் தவறவிடுகிறோம். மாற்றம் ஒரேநாளில் வருவதில்லை. இருபத்தொரு புள்ளி ஏழு புள்ளியாவதற்கு வாரங்கள் ஆகின்றன. இன்னொரு காரணமும் உண்டு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் நம் கையில் தயாராக ஒரு விளக்கம் இருக்கிறது. வயசாச்சு. மாதவிடாய் நிற்கிற நேரம். ரிட்டயர் ஆயிட்டார்ல. கண்ணு பட்டுருச்சு. போன் பார்த்துப் பார்த்து இப்படி ஆயிட்டான். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நியாயமான விளக்கம்தான். தூக்கம், சாப்பாடு, பேச்சு, ஈடுபாடு நான்கும் ஒரே சமயத்தில் மாறியிருக்கிறதா என்று சேர்த்துப் பார்த்தால்தான் உருவம் தெரியும். மூன்று மாதம் கழித்து வெளியூரிலிருந்து வருகிற மகள் வாசலிலேயே “என்னம்மா இப்படி ஆயிட்டே?” என்று கேட்டால், கோபப்படாமல் காது கொடுங்கள். இடைவெளி விட்டுப் பார்க்கிறவர் கண்ணுக்கு அது தெரியும்.

கோபமாக வரும்போது

ஆண்களிடம் இந்த நோய் பல சமயம் கோபமாகத்தான் வெளியே தெரியும். சின்ன விஷயத்துக்குத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போவது, குடி கூடுவது, வண்டியைத் தாறுமாறாக ஓட்டுவது, வேலையே கதி என்று வீட்டுக்கு வராமல் இருப்பது. ‘ஆம்பளை அழக் கூடாது’ என்று வளர்த்துவிட்டோம்; அழ முடியாதது வேறு வழியில் வெளியே வருகிறது. உலக அளவில் மனச்சோர்வு பெண்களுக்குத்தான் அதிகம் கண்டறியப்படுகிறது. ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கில், இந்தியாவில் தற்கொலையால் இறந்த 1,70,924 பேரில் பத்துக்கு ஏழு பேர் ஆண்கள். மொத்தத்தில் தமிழ்நாட்டில் மட்டும் 19,834 உயிர்கள். மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நாம்தான். எல்லா மரணத்துக்கும் மனச்சோர்வு காரணம் என்று சொல்ல முடியாது. கடன், குடும்பச் சண்டை, குடி, தீராத நோய் என்று பல சரடுகள் அதில் உண்டு. ஆனாலும் குடிக்கிற ஆணைப் பார்த்து ‘குடியால்தான் இப்படி’ என்று முடித்துவிடுகிறோமே, சில வீடுகளில் அது தலைகீழாக நடந்திருக்கலாம் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

வளரிளம் பிள்ளைகளிடமும் சோகத்தைவிட எரிச்சலே முன்னால் நிற்கும். மார்க் சரிவது, நண்பர்களை விலக்குவது, ஸ்கூல் கிளம்பும் நேரத்தில் வயிற்றுவலி வருவது, வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மறுப்பது. கடைசியாகச் சொன்னது கையில் காயம் இருப்பதன் அடையாளமாக இருக்கலாம். திட்டாமல், அடிக்காமல் கேட்க வேண்டிய விஷயம் அது.

பிரசவமான பெண்ணை நம் குடும்பங்கள் பத்தியம், பிரசவ மருந்து என்று அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்கின்றன. ஆனால் எல்லார் கண்ணும் குழந்தை மேலேயே இருக்கும். குழந்தை பிறந்து மூன்றாம் நாள் வாக்கில் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம், பாதிக்கும் மேற்பட்ட தாய்மார்களுக்கு வருகிறது, இரண்டு வாரத்துக்குள் தானாகப் போய்விடும். போகாமல் தொடர்ந்தால், குழந்தை தூங்கும்போதும் அவளால் தூங்க முடியவில்லை என்றால், “நான் நல்ல அம்மா இல்ல” என்று திரும்பத் திரும்பச் சொன்னால், குழந்தையைத் தூக்கவே தயங்கினால், அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு. சம்பந்தமில்லாமல் பேசினாலோ, காதில் குரல் கேட்கிறது என்றாலோ, அது இன்னும் அவசரம். அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ தாய்வீட்டிலிருந்து புகுந்த வீட்டுக்குக் கொண்டுவிடும் நாளை ஒட்டி உடைந்து போகிற பெண்களும் உண்டு. அதற்குப் பிறகு கவனிக்கிற கண்களும் மாறிவிடுகின்றன, அவளுடைய பழைய கணக்கு அந்தக் கண்களுக்குத் தெரியாது.

வயதானவர்களுக்கு வந்தால் மறதி போலத் தெரியும். பெயர் நினைவில்லை, சாவி வைத்த இடம் தெரியவில்லை என்பார்கள். டிமென்ஷியா என்ற மறதிநோய் வந்தவர் பெரும்பாலும் தன் மறதியை மறைத்து எதையாவது சொல்லிச் சமாளிப்பார். மனச்சோர்வில் இருப்பவர் முயற்சி செய்யாமலே “தெரியல, போ” என்றுவிடுவார். இதை வைத்து வீட்டிலேயே முடிவு செய்துவிட முடியாது, ஆனால் ‘வயசானா அப்படித்தான்’ என்று விட்டுவிடாமல் காட்டிப் பார்த்தால், குணப்படுத்தக்கூடிய ஒன்றாக அது இருக்க வாய்ப்புண்டு.

துக்கம் வேறு, இது வேறு

சாவு வீட்டில் அழுவது நோய் இல்லை. துக்கம் அலை அலையாக வரும்; நடுவில் ஒரு பழைய நினைவுக்குச் சிரிப்பும் வரும், பேரன் மடியில் வந்து உட்கார்ந்தால் முகம் மலரும். துக்கத்தில் இருப்பவர் போனவரை நினைத்து ஏங்குவார். தன்னையே குப்பை என்று நினைக்க மாட்டார். மனச்சோர்வில் அலை கிடையாது, தேங்கிய தண்ணீர்தான். பேரன் வந்தாலும் முகம் அசையாது. காரியம் முடிந்து, வருஷாப்தியும் நெருங்கும்போது, ஒரு அடிகூட நகராமல் ஒருவர் அதே இடத்தில் நின்றால், துக்கத்துக்கு மேல் இந்த நோயும் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எப்படிக் கேட்பது

சித்தியிடம் நாங்கள் சொன்னவற்றை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. “உனக்கென்ன குறைச்சல்?”, “மனசைத் தைரியமா வச்சுக்கோ”, “எல்லாத்தையும் போட்டு மனசைக் குழப்பிக்காதே”, “நாலு இடம் போய் வந்தா சரியாயிடும்”. எல்லாமே பாசத்தில் சொன்னவைதான். ஆனால் தைரியமாக இருக்க முடியாததுதான் அவருடைய நோய். “உனக்கென்ன குறைச்சல்” என்பதைக் கேட்கக் கேட்க, குறையே இல்லாமல் இப்படிக் கிடக்கிறோமே என்ற குற்ற உணர்வு அவருக்குள் கூடிக்கொண்டே போயிருக்கிறது. இதை அவரே பின்னால் சொன்னார். கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்று இளைஞர்களுக்குச் சொல்லும் யோசனை இன்னும் ஆபத்தானது. அதில் இன்னொரு உயிரும் சிக்கிக்கொள்கிறது.

நம்மிடம் ஏற்கெனவே நல்ல கேள்வி ஒன்று இருக்கிறது: “என்ன பண்ணுது?” உடம்பையும் மனசையும் பிரிக்காமல் கேட்கிற கேள்வி அது. தனியாக இருக்கும்போது, எதிரெதிராக உட்காராமல், காய் நறுக்கிக்கொண்டோ கூட நடந்துகொண்டோ கேட்கலாம். “அப்பா, ஒரு மாசமா நீங்க சரியாச் சாப்பிடல. ராத்திரி எழுந்து உட்கார்ந்திருக்கீங்க. நான் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். என்ன பண்ணுதுப்பா?” என்று, கண்ணால் பார்த்ததைச் சொல்லிக் கேட்டால் பதில் வர வாய்ப்பு அதிகம். “நீங்க டிப்ரஷன்ல இருக்கீங்க” என்று முத்திரை குத்தினால் வராது. முதல்முறை “ஒண்ணுமில்ல” என்பார்கள். சரி என்று விட்டுவிட்டு, இரண்டு நாள் கழித்துத் திரும்பக் கேளுங்கள். பதில் வரும்போது குறுக்கே அறிவுரை வேண்டாம்.

ஒரு கேள்வியைக் கேட்க எல்லோருக்கும் வாய் வராது. “செத்துப் போயிடலாம்னு தோணுதா?” கேட்டால் நாமே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடுமோ என்று பயம். அப்படி ஆவதில்லை, தற்கொலைத் தடுப்பில் இருக்கிறவர்கள் நேரடியாகக் கேட்கத்தான் சொல்கிறார்கள். கேட்டதும் பலருக்கு முகத்தில் ஒரு ஆசுவாசம் தெரியும், யாரிடமும் சொல்ல முடியாமல் வைத்திருந்ததை இறக்கி வைக்கிற ஆசுவாசம். நம் ஊரில் அந்த நினைப்பும் சுற்றிவளைத்துத்தான் வரும்: “போய்ச் சேர்ந்தா போதும்”, “நான் இருந்து யாருக்கு என்ன”, “உங்களுக்கெல்லாம் பாரமா இருக்கேன்”, “கண்காணாம எங்கேயாவது போயிடணும்”. எங்கள் பாட்டி வாழ்நாள் முழுக்க “சீக்கிரம் கூப்பிட்டுக்கப்பா” என்று சாமியிடம் சொல்லிக்கொண்டே ரசம் வைத்தவர், அது வேறு. அப்படியெல்லாம் பேசாதவர் புதிதாகப் பேசினால் அது வேறு. நகை, சாவி, பாஸ்புக் எல்லாவற்றையும் ஒப்படைப்பது, தேடிப் போய் எல்லோரையும் பார்த்துவிட்டு வருவது, பல வாரத் தவிப்புக்குப் பின் திடீரென்று விவரிக்க முடியாத அமைதி வருவது, இவை இருந்தால் ஆளைத் தனியாக விடக் கூடாது. வீட்டில் இருக்கிற மருந்து மாத்திரைகளையும், தோட்டத்துப் பூச்சிமருந்தையும் அவர் கைக்கு எட்டாத இடத்துக்கு மாற்றிவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போடுகிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன நெருக்கடியில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை என்கிறது.

எங்கே போவது

நேரடியாக மனநல மருத்துவரிடம் போகத் தயக்கம் இருந்தால், குடும்பத்துக்குப் பழக்கமான டாக்டரிடம் தொடங்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. மாத்திரைக்குக் காசு கிடையாது. நேரில் போவதற்கு முன்னால் பேசிப் பார்க்க வேண்டுமென்றால் மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ 14416. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104-க்கும் அழைக்கலாம். சென்னையில் 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ‘சிநேகா’ அமைப்பின் எண் 044-24640050. இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் 1926. பாதிக்கப்பட்டவர்தான் பேச வேண்டும் என்றில்லை. “என் அண்ணனுக்கு இப்படி இருக்கு, நான் என்ன செய்ய?” என்று நீங்களும் கேட்கலாம்.

தயக்கத்தின் வேர் ஆழமானது. தமிழில், சென்னையில் அரசு மனநல மருத்துவமனை இருக்கிற கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரையே வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். ஏர்வாடியில் மனநோயாளிகளைக் கட்டிவைத்திருந்த விடுதியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று பற்றிய தீயில் 28 பேர் மாண்ட நினைவும் பலருக்கு இருக்கிறது. மனநல மருத்துவர் என்றதும் அந்தக் கம்பியும் சங்கிலியும்தான் கண்முன்னால் வருகின்றன. மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறுகிறவர்களில் பெரும்பாலோர் சர்க்கரைக்கு மாத்திரை வாங்குகிற மாதிரி வரிசையில் நின்று சீட்டு வாங்கி, கால் மணி நேரம் பேசிவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்குப் போகிறார்கள். கோயிலுக்கோ தர்காவுக்கோ போவது நிம்மதி தருகிறதென்றால் அதையும் விட வேண்டாம். மனநோய் தீரும் என்று நம்பி குணசீலம் கோயிலுக்குப் போய் ஒரு மண்டலம் இருக்கிறவர்கள் மாத்திரையும் போட்டுக்கொள்ளலாம், இரண்டுக்கும் சண்டையில்லை.

டாக்டரிடம் உங்களால் மட்டுமே சொல்ல முடிகிற விஷயம் ஒன்று உண்டு. அவர் முன்பு எப்போதாவது சில நாட்கள் தூக்கமே இல்லாமல் மிதமிஞ்சிய உற்சாகத்தில் இருந்தாரா, கண்டபடி செலவு செய்தாரா, மூச்சுவிடாமல் பேசினாரா? இருந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அது உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வருகிற இருமுனை நோயாக இருக்கலாம், அதற்கு மருந்தே வேறு. சோர்வில் இருக்கும்போது அவருக்கு அந்தப் பழைய நாட்கள் நினைவுக்கு வராது.

மனச்சோர்வு மாத்திரைகள் தூக்க மாத்திரை இல்லை, பழக்கத்துக்கு அடிமையாக்குபவையும் இல்லை. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். முதல் வாரத்தில் வயிற்றுப் புரட்டலும் படபடப்பும் வந்து “இந்த மாத்திரை ஒத்துக்கல” என்று நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய. டாக்டரிடம் கேட்காமல் நிறுத்தக் கூடாது. லேசான நிலையில் பேச்சு வழிச் சிகிச்சையே போதுமானதாக இருக்கும். முதல் சில வாரங்களில் வீட்டார் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். உடம்புத் தெம்பு முதலில் திரும்பி, மனவாட்டம் அப்படியே இருக்கிற ஒரு இடைவெளி சிலருக்கு வரும். அதுவரை செயலற்றுக் கிடந்த சாவு நினைப்புக்கு அப்போது வேகம் கிடைத்துவிடலாம். நன்றாக ஆன பிறகும் குறைந்தது ஆறு மாதம் மாத்திரையைத் தொடரச் சொல்வார்கள்.

சித்திக்கு மூன்றாம் வாரத்தில் தூக்கம் திரும்பியது. விடியற்காலை மூன்று மணி, நாலரை ஆனது, அப்புறம் ஐந்தரை ஆனது. பசி அதற்குப் பின்னால் வந்தது. நாட்டம்தான் கடைசியாக வந்தது, இரண்டு மாதம் ஆகியும் வாசல் பக்கம் அவர் போகவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மூன்றாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போட்டுக் கொடுத்த காபியை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். “டிகாஷன் தண்ணியா இருக்கு. பழைய பொடியில போட்டியா?” என்றார். ஒரு வருடமாக எதைக் கொடுத்தாலும் பேசாமல் குடித்துக்கொண்டிருந்தவர் அவர். நான் ஓடிப்போய் வேறு டிகாஷன் இறக்கினேன்.